கேசட்டில் தட்டிக் காட்டிய கதவு

முதன்முதலாக ஒரு டேப் ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்தபோது, "நல்லாயிருக்கீங்களா பாய்?" என்று கேட்டுவிட்டு நான் பதிலுக்காகக் காத்திருந்தேன். பதில் வராது என்று தெரியாதவன் அல்ல. ஒருவரை நலம் விசாரித்தால் கொஞ்சம் பொறுப்பது என் வழக்கம். நான் பொறுத்துக்கொண்டிருக்க, சிவப்பு விளக்கு எரிய, கேசட்டின் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவர் வாய்விட்டுச் சிரித்தார். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்ணும் சிரித்தார். அந்த அம்மா சிரித்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

நான் மரவேலை செய்கிறவன். அப்போது ஒரத்தநாட்டில், பட்டுக்கோட்டைச் சாலையோரம் தகரக் கொட்டகை போட்டுப் பட்டறை வைத்திருந்தேன். பட்டறை என்றால் ஒரு மேசை, ஒரு இழைப்புளி, சில உளிகள், இரண்டு ரம்பம், நான். அவ்வளவுதான். வயது முப்பத்தைந்து ஆகியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்குக் காரணம் உண்டு, அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

என் சொந்த ஊர் மன்னார்குடிக்குக் கிழக்கே. அங்கே எங்கள் குடும்பத்துக்குக் கூலி கிடையாது. வருஷம் முழுக்க ஏர், பரம்பு, அரிவாள் பிடி எல்லாம் செய்து கொடுப்போம். அறுவடையில் களத்துக்குப் போய்க் கூடையோடு உட்கார்ந்தால் ஒவ்வொரு களத்திலும் கூப்பிட்டு நெல் அளப்பார்கள். கூலி உயர்வு கேட்டுத் தகராறு வந்த வருஷம், மிராசுதார் தெருவிலிருந்து ஆள் வந்தது. வேலைக்கு வராதவர்களுக்கு ஒரு அரிவாள் பிடிகூடப் போட்டுத் தரக்கூடாது என்றார்கள். சரி என்றேன். மறுநாள் சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். வெளியூர் ஆட்களை இறக்கி உழுகிறவனின் ஏரைத் தொடக்கூடாது என்றார்கள். அவர்களுக்கும் சரி என்றேன். பிறகு இரண்டு தரப்புக்கும் வேலை செய்து கொடுத்தேன். சண்டை எனக்கு ஆகாது. எல்லோரிடமும் நல்ல பெயர் எடுத்துவிடலாம் என்ற நினைப்பு வேறு.

ஊரில் எது மறையும்? யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அறுவடை வந்தது, கூடையை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போய் உட்கார்ந்தேன். கூப்பிடவில்லை. அடுத்த களம், அதற்கடுத்த களம், எங்கும் கூப்பிடவில்லை. மிராசுதார் வீட்டுக் காரியக்காரரும் என்னைப் பார்க்கவில்லை, தலைச்சுமையாகக் கட்டுத் தூக்கிப் போனவர்களும் பார்க்கவில்லை. அவர்களுக்குள் ஒத்துப்போன ஒரே விஷயம் நானாகத்தான் இருந்தேன். ஒரு வருஷம் அந்த ஊரில் என்னோடு யாரும் பேசவில்லை. பேசாத ஊரில் பெண் யார் கொடுப்பார்கள்? உளிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரத்தநாட்டுக்கு வந்துவிட்டேன்.

வந்த இடத்தில் வேறு சங்கடம். ஊரில் வேலை தானாக வந்தது, இங்கே வேலையைத் தேடிப் போக வேண்டும். நான் இருக்கிறேன் என்பதே யாருக்கும் தெரியாது. விளம்பரம் செய் என்றார் டீக்கடைக்காரர். சாலையோரத்துச் சுவர் ஒன்றைப் பிடித்து, ஒரு பெயிண்டரைக் கூப்பிட்டு, கதவு ஒன்றைப் பெரிதாக வரையச் சொன்னேன். அவருக்குக் கட்சிச் சுவர் எழுதிப் பழகிய கை. கதவை வரைந்துவிட்டுக் கீழே, 'உங்கள் பொன்னான ஆதரவை நாடும்' என்று எழுதி என் பெயரைப் போட்டுவிட்டார். தேர்தல் நெருங்கிய நேரம். ஒரு வாரம் வழியில் போகிறவர்கள் எல்லாம் நான் எந்தத் தொகுதியில் சுயேச்சையாக நிற்கிறேன் என்று விசாரித்தார்கள். ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் வந்து வாபஸ் வாங்கச் சொன்னார். எதிர்க்கட்சிக்காரர் வந்து, தைரியமாக நில்லுங்கள், ஓட்டுப் பிரிந்தால் எங்களுக்கு நல்லது என்றார். ஒருத்தராவது கதவு என்ன விலை என்று கேட்கவில்லை. பிறகு, சுவர் தங்களுக்கு முன்னமே ஒதுக்கியது என்று சொல்லி, வெள்ளையடித்து அவர்கள் சின்னத்தை வரைந்துகொண்டார்கள்.

அடுத்து, டீக்கடைக்கு மூன்று முக்காலி செய்து இனாமாகக் கொடுத்தேன். உட்காருகிற பலகையிலேயே என் பெயரையும் பட்டறை இருக்கும் இடத்தையும் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தேன். எல்லோரும் என் பெயரின்மேல் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனார்கள். இரண்டே மாதத்தில் எழுத்து தேய்ந்துவிட்டது. ஆனாலும் ஒரு நாள், பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒருவர் முக்காலியைத் தலைகீழாகத் திருப்பி, கால் பொருந்திய இடத்தைத் தடவிப் பார்த்து, இது யார் செய்தது என்று கேட்டிருக்கிறார். என் விளம்பரங்களில் வேலை செய்தது அது ஒன்றுதான்.

அவர் பட்டுக்கோட்டை தாண்டிக் கடலோரத்தில் உள்ள ஒரு ஊர்க்காரர், மளிகைக் கடை வைத்திருந்தார். அவர் தங்கை வீடு கட்டிக்கொண்டிருந்தார். தங்கையின் கணவர் துபாயில். அந்த ஊரில் வீடு பெண்ணின் பேரில்தான் இருக்கும், கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வந்த மாப்பிள்ளைகளில் பாதிப் பேர் அரபு நாட்டில் இருந்தார்கள். தெருவில் வரிசையாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் நிலை வேண்டும், கதவு வேண்டும், ஜன்னல் வேண்டும். போய்ப் பார்த்தபோது எனக்கு வாயில் எச்சில் ஊறாத குறைதான்.

சிக்கல் என்னவென்றால் கதவைப் பற்றிப் பேச வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. முன்கூடத்தில் அண்ணன் உட்கார்ந்திருப்பார். அந்த அம்மா உள்வாசல் திரைக்குப் பின்னால் நின்று பேசுவார். குரல் மட்டும்தான் எனக்குத் தெரியும். நல்ல கேள்விகளாகக் கேட்பார். ஐப்பசி மழையில் கதவு உப்பி இறுகிக்கொண்டால் தனியாளாக இழுத்துத் திறக்க முடியுமா என்று கேட்டார். அதுவரை எந்த ஆணும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. எல்லாம் பேசி முடித்த பிறகு, மரத்தை முடிவு செய்ய வேண்டியது கணவர்தான் என்றார். கடிதம் எழுதுவதானால் அண்ணனை வைத்துத்தான் எழுத வேண்டும், அதனால் அவர்கள் இருவருக்கும் நடுவில் கேசட்தான். யாராவது ஊருக்கு வரும்போதும் போகும்போதும் கொடுத்தனுப்புவார்கள்.

"நீங்களே அவங்ககிட்ட சொல்லிடுங்க ஆசாரி. எனக்கு மரத்தைப் பத்திச் சொல்லத் தெரியாது" என்றார்.

அப்படித்தான் நான் பதிலுக்காகக் காத்திருந்து சிரிப்பு வாங்கினேன். ஆனால் அன்றைக்குப் பதிவு சரியாக வரவில்லை. வெளியே கொத்தனார்கள் ஜல்லி கொட்டுகிற சத்தமும் காக்கைச் சத்தமும்தான் கேட்டது. எனக்குத் திடீரென்று ஒரு யோசனை தோன்றியது. மரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினால் என்ன? படம் அனுப்பினால் எல்லா மரமும் ஒரே மாதிரி இருக்கும். தட்டினால் வெவ்வேறு. தேக்கு ஒரு சத்தம், பலா ஒரு சத்தம், வேங்கை ஒரு சத்தம். அமைதியான இடத்தில் தட்டினால் அங்கே இருக்கிறவருக்கு மரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த மாதிரி இருக்கும் என்றேன். அண்ணனுக்கு அது பிடித்துப்போயிற்று. தெருவில் கட்டுகிற மற்ற நாலு வீட்டுக்கும் இதேபோல் செய்து அனுப்பலாம், இந்த வீட்டுக் கதவு நன்றாக அமைந்தால் நாலும் உனக்குத்தான் என்றார்.

அந்த அம்மா இரண்டு நாள் கழித்து டேப் ரெக்கார்டரையே என்னிடம் கொடுத்தனுப்பினார். வெளிநாட்டுச் சாமான், அதை ஒரு அந்நியனிடம் நம்பிக் கொடுப்பது சின்ன விஷயம் அல்ல. துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். முன்பக்கத்தில் அவர் பேசிவிட்டார், பின்பக்கம் எனக்கு என்று சொல்லியிருந்தார். திருப்ப வேண்டாம், அப்படியே இரண்டு பொத்தானையும் அமுக்கினால் போதும்.

அப்படியே அமுக்கியிருக்க வேண்டும். எனக்குத் தொழில் புத்தி. கருவியைச் சோதித்துப் பார்க்காமல் வேலையைத் தொடங்கமாட்டேன். மத்தியானம் கொட்டகைப் படலைச் சாத்திவிட்டு, ஒரு பொத்தானை அமுக்கினேன், வெறும் இரைச்சல். கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்து கேசட்டை எடுத்துத் திருப்பிப் போட்டு, கொஞ்சம் பின்னால் ஓடவிட்டு மறுபடி அமுக்கினேன். "மச்சான்" என்றது அந்த அம்மாவின் குரல். திரைக்குப் பின்னாலிருந்து என்னிடம் பேசுகிற குரல் அல்ல அது. அடுத்த வார்த்தை வருவதற்குள் பதறிப்போய் நிறுத்திவிட்டேன். கேசட்டைப் பிடுங்கி எடுத்த வேகத்தில் அது கை தவறிச் சீவல் குவியலில் விழுந்தது.

எடுத்து ஊதித் துடைத்தேன். எது முன்பக்கம்? இரண்டு பக்கமும் ஒரே மாதிரி காகிதம், ஒவ்வொன்றிலும் ஒரு ஆங்கில எழுத்து. எந்த எழுத்து மேலே இருந்தது என்று நான் கவனிக்கவில்லை. தெரிந்துகொள்ள ஒரே வழி போட்டுக் கேட்பது. போட்டால் அந்தக் குரல் வரும். இன்னொருவர் மனைவி தன் புருஷனிடம் பேசுவதை நான் தனியாக உட்கார்ந்து கேட்பதா? யாரும் பார்க்கவில்லைதான். இருந்தாலும் கை வரவில்லை. கீழே விழுந்தபோது மேலே தெரிந்த பக்கம்தான் காலி என்று எனக்கு நானே முடிவு கட்டி, தொடக்கத்துக்குச் சுற்றிவிட்டு, இரண்டு பொத்தானையும் அமுக்கினேன்.

பத்து நிமிஷம் பேசுவதாகத்தான் எண்ணம். முதலில் தேக்கைத் தட்டினேன், பிறகு பலா, மூன்றாவதாக வேங்கை. விவரம் சொன்னேன். சொல்லி முடித்த பிறகும் நிறுத்த மனம் வரவில்லை. நான் பேசுவதை ஒருவர் கடைசிவரை கேட்கப்போகிறார், எழுந்து போகமாட்டார், முகத்தைத் திருப்பிக்கொள்ளமாட்டார் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. புது ஆற்றுக் கால்வாயில் தண்ணீர் வந்ததைச் சொன்னேன். சுவர் விளம்பரக் கதையைச் சொன்னேன். ஊரில் களத்தில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன், அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பொத்தான் தானாக டக்கென்று எழும்பியபோதுதான் ஒரு பக்கம் முழுக்கப் பேசித் தீர்த்திருக்கிறேன் என்று தெரிந்தது. பத்து நிமிஷத்தோடு நிறுத்தியிருந்தால் அந்த அம்மா பேசியதில் மீதியாவது பிழைத்திருக்கும். அது பின்னால்தான் உறைத்தது. அன்றைக்கு எனக்கு மனசு லேசாக இருந்தது, போய் இரண்டு டீ குடித்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது என்று ஆள் வந்து சொன்னது. போனேன். அண்ணன் முன்கூடத்தில் கேசட்டைப் போட்டார். திரை அசையாமல் இருந்தது. கரகரப்பான, நிதானமான ஒரு குரல் எனக்கு ஸலாம் சொன்னது. மூன்றாவதாகத் தட்டிய மரம்தான் வேண்டும் என்றது. தெருவெல்லாம் தேக்குப் போடும்போது நாம் வேங்கை போடுவதா என்று அண்ணன் முணுமுணுத்தார். குரல் தொடர்ந்தது. ஒரே அறையில் எட்டுப் பேர் படுக்கிறோம், எல்லோரும் உங்கள் மரச்சத்தத்தைக் கேட்டார்கள் என்றது. கடைசியாக இப்படி முடித்தது:

"நீங்களாச்சும் பேசுனீங்களே ஆசாரி. சந்தோஷம்."

அண்ணன் நிறுத்திவிட்டு, என்னை வெளியே அழைத்துவந்து வேப்பமரத்தடியில் நிறுத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். கேசட்டின் மறுபக்கத்தில் ஒன்றுமே இல்லையாம். தங்கை அதையே போட்டுப் போட்டுப் பார்க்கிறதாம். போன தடவை மச்சான் ஊருக்கு வந்துபோனபோது இருவருக்கும் மனத்தாங்கல். இந்த ஒப்பந்தம் முடிந்தும் இன்னும் இரண்டு வருஷம் நீட்டித்தால் உங்களோடு பேசவேமாட்டேன் என்று தங்கை சொல்லி அனுப்பியிருந்தார். பிறகு மனசு கேட்காமல், கோபத்தை எல்லாம் விட்டுவிட்டு, நீட்டிக்காமல் வந்துவிடுங்கள் என்று கேசட்டில் அரை மணி நேரம் பேசி அனுப்பினார்.

"அதுக்கு ஒரு வார்த்தை பதில் இல்ல ஆசாரி. கதவைப் பத்தி மட்டும் பேசி அனுப்பியிருக்காரு. அது சோறு தின்னு பத்து நாளாச்சு" என்றார் அண்ணன்.

எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. துபாயில் அந்த மனிதர் கேசட்டின் ஒரு பக்கத்தைப் போட்டார், ஆசாரியின் குரல். மறுபக்கத்தைப் போட்டார், இரைச்சல். பேசமாட்டேன் என்று சொன்னபடியே மனைவி பேசவில்லை என்று எடுத்துக்கொண்டார். அவருக்கும் ரோஷம் இருக்காதா? அவரும் மறுபக்கத்தைக் காலியாக விட்டு அனுப்பினார். இங்கே இந்த அம்மா, தான் அழுது கேட்டும் மனிதர் வாய் திறக்கவில்லையே என்று கிடக்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து மரத்தைத் தட்டிக்கொண்டிருந்தவன் நான்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். அண்ணன் எதிரிலேயே நிற்கிறார். ஒரே வாக்கியம். ஆனால் தெருவில் அந்த நாலு வீடுகள் சாரத்தோடு நின்றுகொண்டிருந்தன. வெளிநாட்டுச் சாமானை நம்பிக் கொடுத்தால் அதில் இருந்ததை அழித்தவன் என்று பெயர் வந்தால் அந்த ஊரில் யார் கதவு திறப்பார்கள்? "பாய் வேலையா இருந்திருப்பாருங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். ஊரில் இரண்டு தரப்புக்கும் தலையாட்டிய அதே நான்தான். என்மேல் எனக்கு வந்த எரிச்சலில் பட்டுக்கோட்டை பஸ் நிலையத்தில் ஒரு கடலை விற்கிறவரிடம் காரணமில்லாமல் சண்டை போட்டேன்.

கதவு வேலை தொடங்கிற்று. வேங்கை சாமானியமான மரம் அல்ல, உளியை மழுங்கடித்துவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் துபாய்க்குக் கேசட் போக வேண்டியிருந்தது, எத்தனை தாழ்ப்பாள், எந்தப் பக்கம் கீல் என்று. அடுத்த தடவை கேசட்டையும் ரெக்கார்டரையும் கொடுத்தபோது திரைக்குப் பின்னாலிருந்து அந்த அம்மா சொன்னார்:

"ரெண்டு பக்கமும் நீங்களே பேசிக்குங்க. நான் பேசுறதுக்கு ஒண்ணும் இல்ல."

நான் இரண்டு பக்கமும் பேசினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. அந்த மனிதரும் இப்போது எனக்கே இரண்டு பக்கமும் பேசி அனுப்பினார். மழை பெய்ததா, சம்பா நடவு ஆயிற்றா, பஸ் எல்லாம் ஓடுகிறதா, தகராறு எங்கேயாவது உண்டா என்று கேட்பார். அங்கே துறைமுகத்தில் மரத்துண்டு மிதந்து வந்தால்கூடத் தட்டிப் பார்க்கிறாராம். நீங்கள் களத்தில் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னீர்களே, அதை நினைத்துக்கொண்டேன் என்றார் ஒரு தடவை. அதை முன்கூடத்தில் எல்லோர் எதிரிலும் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் வாழ்க்கையில் எனக்குச் சிநேகிதர் என்று ஒருவர் இருந்தால் அது அவர்தான். அவர் குரலுக்காக நான் பஸ் ஏறிய நாட்கள் உண்டு. திரைக்கு அந்தப் பக்கம் ஒருவர் தனக்கு வராத குரலைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே போனேன்.

பத்து மாதத்தில் கதவு முடிந்தது. நிலையை நிறுத்தி, கதவை மாட்டி, மூடித் திறந்து காட்டினேன். கீல் முனகவில்லை. ஒரு விரலால் தள்ளினால் போய் உட்கார்ந்தது. தெருவிலிருந்து வந்தவர்கள் தட்டிப் பார்த்தார்கள். நாலு வீட்டில் மூன்று வீட்டுக்காரர்கள் அங்கேயே அளவெடுக்க எப்போது வருகிறாய் என்று கேட்டுவிட்டார்கள். ஃபாத்திஹா ஓதி எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தார்கள். நிலை வைத்த ஆசாரிக்கு வேட்டி கொடுப்பது வழக்கம், தாம்பாளத்தில் வைத்து அண்ணன் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டு நிமிர்ந்தபோது, புதுக்கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது. மற்றவர்கள் காதில் விழாமல் மெதுவாக.

"ஆசாரி, ஒங்ககிட்டதான் அவங்க பேசுறாங்க. எப்ப வருவாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க. நான் கேட்டேன்னு சொல்ல வேண்டாம்."

அவர் தன் புருஷனிடம் கேட்க வேண்டியதை என்னிடம் வந்து கேட்க வைத்துவிட்டேன். அதற்கு மேல் என்ன கேவலம் வேண்டும்?

அன்று மத்தியானமே பட்டறைப் படலைச் சாத்திவிட்டு, அவர்கள் கொடுத்தனுப்பிய ரெக்கார்டரின் முன்னால் உட்கார்ந்தேன். நலம் விசாரிக்கவில்லை. பாய், உங்கள் வீட்டில் பேசாமல் இருக்கவில்லை, முதல் கேசட்டில் ஒரு பக்கம் முழுக்கப் பேசினார், அதன்மேல் நான் பேசி அழித்துவிட்டேன், தெரிந்த பிறகும் இத்தனை மாதம் மறைத்தேன் என்றேன். உங்களை வந்துவிடச் சொல்லித்தான் பேசியிருக்கிறார் என்றேன். மொத்தம் மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது. மறுநாள் எடுத்துக்கொண்டு போய், திரைக்கு இந்தப் பக்கத்து ஸ்டூலில் வைத்தேன்.

"அனுப்புறதுக்கு முன்னாடி நீங்க கேட்டுடுங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, பதில் வருவதற்குள் இறங்கி வந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து மெருகு பூசுவதற்காகப் போனபோது அண்ணன் வாசலிலேயே நின்றார். உட்காரச் சொல்லவில்லை. மெருகு வேலைக்கு வேறு ஆள் சொல்லியிருப்பதாகச் சொன்னார். தங்கை கேசட்டைக் கேட்டதும் மூன்று நாள் யாரோடும் பேசவில்லையாம். நாலாம் நாள் பின்பக்கத்தில் தானே பேசி, ஒரு பையில் போட்டு, துபாய் போகிறவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினாராம். நான் அளவெடுக்க வேண்டிய மூன்று வீடுகளையும் தாண்டித்தான் பஸ்ஸுக்கு நடக்க வேண்டும். முதல் வீட்டில் என்னைப் பார்த்ததும் கதவு இல்லாத வாசலில் கோணியை இழுத்துவிட்டார்கள். அந்தத் தெருவில் அதற்குப் பிறகு நான் ஒரு ஜன்னல்கூடச் செய்யவில்லை.

துபாயிலிருந்து எனக்குக் கேசட் வரவில்லை. வராது என்று தெரியும். இருந்தாலும் அந்தப் பக்கத்து பஸ் நிற்கும்போதெல்லாம் யாராவது இறங்குகிறார்களா என்று பார்ப்பேன். டீக்கடை முக்காலி ஒன்றின் கால் ஆடியது, சரிசெய்து கொடுத்தேன். ஊரிலிருந்து சொல்லி அனுப்பினார்களா என்று யாராவது கேட்டால் இல்லை என்பேன். அவர்கள் எந்த ஊரைக் கேட்கிறார்கள் என்று நான் விசாரிப்பதில்லை.

எட்டு மாதம் இருக்கும். பட்டறைக்கு ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, கைலி, நாற்பத்தைந்து வயது, ஒல்லியான மனிதர். முன் தலையில் முடி இல்லை. மரம் வாங்க வந்தவர் என்று நினைத்து என்ன வேண்டும் என்றேன். "ஆசாரி" என்றார். அந்த ஒரு சொல்லில் தெரிந்துவிட்டது. அந்தக் குரலைக் கேசட்டில், அதே கரகரப்போடு எத்தனை முறை கேட்டிருக்கிறேன். அதற்கு இப்படி ஒரு முகம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவரும் என்னைப் பார்த்து அப்படித்தான் நினைத்திருப்பார்.

"எப்ப வந்தீங்க பாய்?" என்றேன்.

"ஒரு மாசம் ஆச்சு. முடிச்சிட்டு வந்துட்டேன். இனிமே போகல."

முக்காலியைத் துடைத்துப் போட்டேன். உட்கார்ந்தார். கதவு இறுகுகிறதா என்று கேட்டேன், ஐப்பசி மழையிலும் இறுகவில்லை என்றார். அம்மா நலமா என்று கேட்டேன், நலம் என்றார். கேசட்டில் இரண்டு பக்கமும் பேசியவர்கள், எதிரெதிரே உட்கார்ந்து தரையில் கிடந்த சீவலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் களத்துக் கதை தெரிந்த மனிதர். அவர் தூக்கத்தில் யார் பெயரைச் சொன்னார் என்று அறைக்காரர்கள் கிண்டல் செய்தது வரை எனக்குத் தெரியும். எல்லாம் தெரிந்து என்ன, நேரில் பார்த்தால் முன்பின் அறியாத இரண்டு ஆட்கள்தான். நான் செய்ததற்கு அவர் என்னைத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை.

எழுந்து, சுவரில் சாத்தியிருந்த பலகைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். மூன்றாவதில் கொஞ்சம் நின்றார். அது வேங்கை இல்லை, வேம்பு. நான் சொல்லவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு புதுக் கேசட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். கண்ணாடித்தாள் பிரிக்காதது.

"அங்கேருந்து வாங்கிட்டு வந்தது ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. எங்களுக்கு இனிமே தேவைப்படாதுல்ல. நீங்க வச்சிக்குங்க ஆசாரி" என்றார்.

பஸ் வரும் சத்தம் கேட்டது, விடைபெற்றுக்கொண்டு வேகமாகப் போய்விட்டார். அவர் மனைவி இருக்கிற வீட்டுக்கு, நான் செய்த கதவைத் திறந்துகொண்டு போகப்போகிறார். அவர் வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு முழுக்க ஒரு வேலையும் செய்ய முடியவில்லை.

பிறகு எனக்கு வேலைகள் வந்தன. பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு, கடைகளுக்கு அலமாரி, பட்டா கிடைத்துக் கல்வீடு கட்டியவர்களுக்குக் கதவுகள் என்று நிறையச் செய்தாகிவிட்டது. நானும் ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கினேன், பாட்டுக் கேட்பதற்கு. கேசட் உளிப்பெட்டியில் இருக்கிறது. பிரிக்கவில்லை. ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் பேசலாம், எனக்குப் பேசவும் நிறைய உண்டு. யாருக்குக் கொடுத்தனுப்புவது என்றுதான் தெரியவில்லை.